வெயில் பெட்டிக்கு ஒரு பங்கு

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். அப்படிப்பட்டவன் கையால் எழுந்தவை எவையெவை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் பெயின்ட் அடிக்கிற கம்பெனி ஒன்றுக்குப் புகைபோக்கி. வந்த புயல் எதற்கும் அது தலை சாய்க்கவில்லை. ஆவடியில் ஒரு சினிமாக் கொட்டகைக்குக் காற்றுக்குழாய். அந்த மூலையில் குழாய் திரும்பாது என்று எல்லோரும் கைவிரித்தார்கள், நான் திருப்பிக் காட்டினேன். திருவேற்காட்டுப் பக்கம் அரிசி மில்லுக்குத் தவிட்டுக் கூண்டு. பூந்தமல்லியில் கல்யாண மண்டபச் சமையல்கட்டுக்குப் புகை இழுக்கும் கூம்பு; அதற்குப் பிறகுதான் அங்கே சமையல்காரர்கள் கண்ணைத் துடைக்காமல் சாம்பார் இறக்கினார்கள். சொந்தமாக ஒரு தகரப் பட்டறை; ஆரம்பத்தில் அதற்குக் கூரையே கிடையாது, ஊருக்கெல்லாம் தகரம் அடிக்கிறவன் தலைக்கு மேல் தகரம் இல்லை. அப்புறம் ஒரு வீடு. ஏரிக்கு உள்வாயில், மழைத்தண்ணீர் தேங்குகிற பக்கம், இந்தக் களிமண்ணில் சுவர் நிற்காது என்று ஊரே சொன்ன இடத்தில் நிறுத்தினேன். இன்றைக்கும் நிற்கிறது, வந்து பார்க்கலாம்.

கடைசியாக ஒன்று. மெட்ராஸில், உட்கார்ந்த இடத்திலேயே வியர்வை ஊற்றுகிற மெட்ராஸில், காற்றைச் சூடாக்கும் பெட்டி ஒன்று கட்டினேன். மின்சார அடுப்பு இல்லை, கரி இல்லை, வெறும் வெயில். மேலே சொன்ன அத்தனைக்கும் யாராவது ஒருவர் என்றைக்காவது "நல்லாச் செஞ்சே" என்று சொல்லியிருக்கிறார்கள். இந்தப் பெட்டிக்கு மட்டும் ஒருவரும் சொன்னதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

என் மனைவி மாங்காட்டுக்காரி. அவள் குரலைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது புரியும். குமணன்சாவடியில் நின்று கூப்பிட்டால் பூந்தமல்லியில் பஸ் நிற்கும் என்று அவள் அண்ணனே கிண்டல் செய்வான். எண்பதுகளின் கடைசியில் ஏரி உள்வாய் வீட்டுக்குக் குடிபோனோம். அந்தக் காலத்தில் எனக்குக் கட்டுப்படியான மண் அதுதான். முதல் மழைக்காலம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவதில் சுவரில் ஓதம் ஏறியது. இடுப்பு உயரத்துக்குச் சுண்ணாம்பு பொரிந்து, அதற்கு மேல் கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சணம். பீரோவைத் திறந்தால் பட்டுப்புடவை காளான் வாசம் அடித்தது. அந்த ஐப்பசியில் அவளுக்கு இழுப்பு வந்தது.

இழுப்பு வந்தவர்களைப் பார்த்திருப்பீர்கள். படுக்க முடியாது. பீரோவில் முதுகைச் சாய்த்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, உட்கார்ந்தபடியே தூங்குவாள். சமையல்கட்டிலிருந்து என்னைக் கூப்பிடக் குரல் எழும்பாது. கரண்டியை எடுத்துத் தண்ணீர்க் குழாயில் தட்டுவாள். பஸ்ஸை நிறுத்திய குரல் கரண்டிச் சத்தமாகிவிட்டது.

டாக்டர் வாயில் அடித்துக்கொள்ளும் மருந்து எழுதிக்கொடுத்து, "ஈரமில்லாத வீடாப் பாத்து மாறிடுங்க" என்றார். அவள் அண்ணனும் அதையே சொன்னான், வேறு மாதிரி. அவன் ஆவடியில் ராணுவ ஃபேக்டரியில் பேக்கிங் பிரிவில் வேலை, குவார்ட்டர்ஸில் இருந்தான். தங்கையைப் பார்க்க வந்தவன் வாசலில் நின்றபடியே ஆரம்பித்தான்.

"இன்னா மச்சான், எங்கூட்டுப் பொண்ணுன்னு நெனச்சியா, ஏரி மீனுன்னு நெனச்சியா? தண்ணிக்குள்ள கொண்டாந்து உட்டுகினு கீறே."

"உனுக்கு ஃபேக்டரி ஊடு குடுத்துச்சி. எனுக்கு யாரு குடுப்பா? நான் கட்டினது இது" என்றேன்.

"கட்டினே, கட்டினே. அவ எங்க மூச்சு உடுவா?"

 வாயை மூடிக்கொண்டு நிற்கிற பழக்கம் எனக்கு இல்லை. "ஊட்டை மாத்த மாட்டேன். காத்தை மாத்திக் காட்டுறேன், பாரு" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எப்படி என்று யோசித்தேன்.

பெயின்ட் கம்பெனியில் ஓவன் ஒன்று உண்டு. பெயின்ட் அடித்த சாமானைச் சூடான காற்று ஊதிக் காயவைக்கும். அதற்குக் குழாய் போட்டதே நான்தான். பெயின்ட் காய்ந்தால் சுவர் காயாதா? மழைக்காலம் என்றாலும் நம் ஊர் மழை ஒரேயடியாகப் பெய்துவிட்டு, மறுநாள் நடுப்பகலில் சுள்ளென்று வெயில் அடிக்கும். அந்த வெயிலைப் பிடித்து அறைக்குள் இறக்க வேண்டும், அவ்வளவுதான். பட்டறையில் தகரத்தை மடக்கி மடக்கி, பள்ளமும் மேடுமாக்கிக் கறுப்புப் பெயின்ட் அடித்தேன். தட்டையான தகரத்தில் பட்ட வெயில் தெறித்துப் போய்விடும்; மடிப்புக்குள் விழுந்தால் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு மோதி அங்கேயே அடங்கும். அதை ஒரு பெட்டிக்குள் பொருத்தி, சூடு கசியாமல் அடியில் உமியைக் கெட்டித்தேன். மேலே கண்ணாடி. காற்று ஊதும் பழைய புளோயர் ஒன்றைச் செப்பனிட்டுப் பூட்டி, மொட்டைமாடியிலிருந்து வென்டிலேட்டர் வழியாக அவள் அறைக்குக் குழாய் இறக்கினேன்.

அவள் அண்ணன், என் மச்சான், வந்து பார்த்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "மெட்ராஸ்ல ஹீட்டரா? அடுத்தது இன்னா மாமே, சமுத்திரத்துக்கு உப்பு ஏத்தப் போறியா?"

"சிரிக்காதண்ணே" என்றாள் அவள், மூச்சு வாங்கிக்கொண்டே. "அந்தாளு கட்னா கட்டிடுவாரு. வேகப்போறது நான்தானே."

அவள் சொன்னபடிதான் ஆனது. புளோயரைப் போட்டேன். காற்று சூடாகத்தான் இறங்கியது. சற்று நேரத்தில் குழாய்க்குள்ளிருந்து அவள் குரல் மேலே வந்தது. தகரக் குழாய் காற்றை மட்டும் அல்ல, பேச்சையும் கொண்டுபோகும் என்பதை அன்றைக்குத்தான் கண்டோம்.

"யோவ்! புட்டு அவிக்கிறியா? அரிசிமாவு பிசறி வெக்கட்டா?"

பிறகு ஒரு நீண்ட இருமல். ஓடிப்போய்ப் பார்த்தேன். சுவரெல்லாம் முத்து முத்தாக வியர்த்திருந்தது. அறை இட்லிக் குண்டான் மாதிரி. அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். திட்டவில்லை. திட்ட மூச்சு இல்லை.

அப்போது பக்கத்துத் தெருவில் பாலிடெக்னிக் வாத்தியார் ஒருவர் குடியிருந்தார். நல்ல மனிதர். மாடியேறிப் பார்த்தார். நான் காற்று இழுக்கும் வாயை மாடித் தரையை ஒட்டி வைத்திருந்தேன். அங்கே மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது. வெயில் பட்டு எழும்பிய ஆவியை அப்படியே உறிஞ்சி அறைக்குள் தள்ளியிருக்கிறேன். "வாயை உயரத் தூக்குங்க" என்றார். அதை நானே இரண்டு நாளில் கண்டுபிடித்திருப்பேன், அவர் முந்திக்கொண்டார். அடுத்து அவர் சொன்னதுதான் மண்டையில் ஏறியது. "சூடு வேற, உலர்த்துறது வேறங்க. நம்ம ஊர்க் காத்து தண்ணியைச் சுமந்துகிட்டே வருது. சூடாக்கினாலும் அந்தத் தண்ணி அதுக்குள்ளதான் இருக்கு. குளிர்ந்த சுவரைத் தொட்டா மூட்டையை அங்க இறக்கிவெச்சிடுது."

போகும்போது இரண்டு வெப்பமானிகளைக் கொடுத்து அறையில் மாட்டச் சொன்னார். ஒன்று வெறுமனே. இன்னொன்றின் நுனியில் துணித்திரி சுற்றி, திரியின் மறுமுனை தண்ணீர்ப் புட்டியில். காற்று உலர்ந்திருந்தால் ஈரத் துணி குளிர்ந்து அது கீழே இறங்கும். காற்று முழுக்க ஈரம் என்றால் இரண்டும் ஒரே இடத்தில் நிற்கும். எனக்கு விளங்க நேரமானது. அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. வெறுமனே இருந்ததற்கு மாப்பிள்ளை என்றும் ஈரத்துணிக்குப் பொண்ணு என்றும் பெயர் வைத்தாள்.

"இன்னா, எப்டி கீது?" என்று காலையில் கேட்பேன்.

"ரெண்டும் ஒட்டிக்கினு கீது. எனுக்குத்தான் கேடு" என்பாள். கொஞ்சம் விலகி நின்றால், "இன்னைக்கு லேசா சண்டை. கஞ்சி குடிக்கலாம்."

வாயை உயரத் தூக்கினேன். கண்ணாடியை இரண்டு அடுக்காக்கினேன். காற்று தகரத்துக்கு மேலே ஒருமுறை போய், அடியில் ஒருமுறை திரும்பி வருகிற மாதிரி வழி போட்டேன், சூடு கூடியது. புளோயரின் வேகத்தையும் கூட்டினேன், காற்று நிறையப் போனால் நல்லது என்று. சுவர் வியர்ப்பது நின்றது. ஆனால் மாப்பிள்ளையும் பொண்ணும் பெரிதாகச் சண்டை போடவில்லை. அவள் பீரோவில் சாய்ந்துதான் தூங்கினாள்.

மறு வருஷம் மழை தொடங்கும்போது நீலக்கல்லைக் கொண்டுவந்தவன் மச்சான். அதை மறுக்க மாட்டேன். ஃபேக்டரியில் கருவிகளைப் பெட்டியில் கட்டி அனுப்பும்போது துருப்பிடிக்காமல் இருக்க, நீலநிறக் கற்களை ஒரு சின்னத் துணிப்பையில் போட்டு உள்ளே வைப்பார்களாம். "பொட்டிக்குள்ள கீற ஈரத்தையெல்லாம் குடிச்சிடும் மச்சான். பாரிமுனையில கெடைக்குது. உன் கொழாய்ல போட்டுப் பாரேன்" என்றான். வாங்கிவந்தேன். கல்கண்டு அளவு, மயில்கழுத்து நீலம். கம்பிவலைத் தட்டு ஒன்று செய்து, கற்களைப் பரப்பி, அறைக்குள் காற்று விழும் வாயில் சொருகினேன்.

முதல் நாள் பொண்ணு சரசரவென்று கீழே இறங்கினாள். அதைப் பார்த்து என் மனைவிக்கு முகமே மலர்ந்துவிட்டது. மறுநாள் கல் வெளிறியது. அதற்கும் மறுநாள் எல்லாம் ரோஜா நிறம். வெப்பமானிகள் மறுபடி ஒட்டிக்கொண்டன.

மச்சானிடம் கேட்டேன். "கலர் மாறிச்சின்னா அது செத்த கல்லு. நாங்க எடுத்துக் கடாசிடுவோம்" என்றான். மூட்டை மூட்டையாகவா வாங்கிக் கடாச முடியும்? தட்டை எடுத்து ஒரு பக்கம் வைத்தேன். அவள் அதைப் பார்த்தாள், போய்ப் பீரோவில் சாய்ந்து உட்கார்ந்தாள். அந்த உட்கார்ந்த விதம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

அப்போதுதான் ஆயுத பூஜை வந்தது. பட்டறையில் கத்தரி, சுத்தி, மடக்கு மெஷின் எல்லாம் துடைத்துச் சந்தனம் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். வீட்டிலும் சாமான்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் அந்தக் கல்தட்டைக் குப்பைக்குக் கொண்டுபோகக் கையில் எடுத்தேன்.

"வை அத்தெ. பூஜை போடுற ஊட்லேந்து ஒரு சாமானும் வெளிய போகக் கூடாது."

"செத்த கல்லுக்கு இன்னாடி பூஜை?"

"ஒழைச்ச கல்லுதானே? எங்கண்ணன் மாதிரி குந்திகினா கீது?"

சிரித்துவிட்டேன். அவளும் சிரித்து, சிரிப்பு இருமலாகி, கையால் மாடியைக் காட்டினாள். பெட்டியின் சாமானைப் பெட்டியிலேயே வைத்து, அதற்கும் பொட்டு வைக்கச் சொன்னாள். மெஷினுக்கு அன்றைக்கு ஓய்வு. புளோயரைத் தொடக் கூடாது. அவளால் படியேற முடியாது. நான்தான் ஏறிப்போய்க் கண்ணாடி மூடியைத் தூக்கி, கறுத்த தகரத்தின் மேல் அந்தத் தட்டை வைத்து, சந்தனம் குங்குமம் இட்டேன். மாவிலைத் தோரணம் கட்ட மேலே ஆணி இல்லை. மூடியின் இடுக்கில் கயிற்றைக் கவ்வவிட்டு மூடினேன். அதனால் மூடி சரியாகப் படியவில்லை, மாவிலைக் கனத்துக்கு ஓர் இடைவெளி. சூடு வீணாகிறதே என்று மனசு அடித்துக்கொண்டது. பூஜை நாளில் சண்டை வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அன்றைக்கு நல்ல வெயில்.

மறுநாள் காலை பூஜை பிரித்து, பொரிகடலையை வாயில் போட்டுக்கொண்டு மாடியேறினேன். கண்ணாடி வழியாகப் பார்த்தவன் பொரியை மெல்ல மறந்தேன். கற்கள் நீலமாக இருந்தன. வாங்கிவந்த அன்றைக்கு இருந்த அதே மயில்கழுத்து நீலம்.

குழாய் வாயில் முகத்தை வைத்துக் கத்தினேன். "அடியே! கல்லு நீலமாயிடிச்சிடி! செத்த கல்லுக்கு உயிர் வந்து கீதுடி!"

 கீழேயிருந்து மெல்ல வந்தது: "ஆத்தா..."

அவளுக்கு அது மாங்காட்டு அம்மன். நானோ மாடியிலேயே உட்கார்ந்து யோசித்தேன். புளோயர் ஓடவில்லை, அதனால் சூடு வெளியே ஓடாமல் பெட்டிக்குள்ளேயே ஏறி ஏறி நின்றிருக்கிறது. அந்தச் சூட்டில் கல் குடித்த தண்ணீரைக் கக்கியிருக்கிறது. மாவிலை இடுக்கு வழியாக ஆவி வெளியே போயிருக்கிறது. இறுக மூடியிருந்தால் அந்த ஈரம் திரும்பக் கல்லிலேயே இறங்கியிருக்கும். நான் இத்தனை நாளும் பெட்டியை ஓட வைக்கத்தான் பார்த்தேன். அதை ஓய்வாக விட்டிருக்க வேண்டும்.

அன்றிலிருந்து முறையை மாற்றினேன். பகலில் பெட்டி வெறும் அடுப்பு. புளோயர் கிடையாது, வெளிக்காற்று கிடையாது, மூடியில் மாவிலைக் கனத்துக்கு இடுக்கு, உள்ளே கல் வேகும். சாயங்காலம் தட்டை எடுத்துவந்து, அறைக்குக் கீழிறக்கிய புளோயர் முன்னால் சொருகி, கதவு ஜன்னலைச் சாத்தி, அறையின் காற்றையே மெதுவாகக் கல்லுக்குள் சுற்றவிட்டேன். வானத்தில் இருக்கிற தண்ணீரையெல்லாம் காயவைக்க நான் யார்? ஓர் அறைக்குள் இருக்கிற தண்ணீர் போதும். மாப்பிள்ளையும் பொண்ணும் ஜென்மப் பகையாளி மாதிரி விலகி நின்றார்கள்.

அந்த வாரத்தில் ஒரு காலை நான் எழுந்தபோது அவள் பாயில் படுத்திருந்தாள். காலை நீட்டி, ஒருக்களித்து, வாயைத் திறந்துகொண்டு தூக்கம். பயந்துபோய் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தேன். சன்னமாக, சீராக மூச்சு. புகைபோக்கி நின்றபோதும், வீடு நின்றபோதும் எனக்கு அப்படி ஒரு நெஞ்சு நிமிர்வு வந்ததில்லை.

தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் அப்படிச் சில மழைக்காலங்கள் எங்களுக்குக் கிடைத்தன. ஒரு கார்த்திகை மாதம் மாங்காடு போய்த் திரும்புகையில் குமணன்சாவடியில் எங்கள் பஸ் கிளம்பிவிட்டது. பக்கத்தில் நின்றவள் கையைத் தூக்கி, "யோவ் கண்டக்டரே, நிறுத்துய்யா!" என்று ஒரே மூச்சில் கூப்பிட்டாள். விசில் ஊதி வண்டி நின்றது. அவள் ஓடிப்போய் ஏறிவிட்டாள். நான் தரையிலேயே நின்றிருந்தேன். படியில் தொங்கிக்கொண்டு, "இன்னாய்யா, வேண்டுதலா? ஏறு!" என்று மறுபடி ஒரு சத்தம். பஸ்ஸே சிரித்தது. எனக்குக் கண் நிறைந்ததை யாரும் பார்க்கவில்லை.

நன்றாக இருந்த அந்த நாட்களிலேயே பங்கு பிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். சோறு தின்னும் நேரத்தில் இது ஒரு விளையாட்டு.

"ஆத்தாதான். ஆறு வாரம் எலுமிச்சம்பழம் கொண்டுபோய்க் குடுத்தேன்ல" என்பாள் அவள்.

"எலுமிச்சம்பழமா? கல்லு இன்னா பண்ணிச்சி? அது யாரு கல்லு?" என்பான் மச்சான்.

என் மகன் அப்போதுதான் ஒரு கம்பெனியில் டெக்னீசியனாகச் சேர்ந்திருந்தான். "நைனா, மாமா, ரெண்டு பேருக்கும் சொல்றேன். டாக்டர் மருந்தை மாத்துனாரு. அதான் விஷயம்."

"அந்தப் பொட்டி?" என்பேன்.

"பொட்டியில கல்லு காயுது. வடாம் மாதிரி" என்பான் மச்சான். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அவள் மூச்சுத் திணறாமல் சிரிக்கிறாள் என்றால் யாருக்கு எந்தப் பங்கு போனால் எனக்கென்ன என்று அப்போது நினைத்தேன்.

பிறகு அந்த மழைக்காலம் வந்தது. ஒரு தாழ்வு நிலை கரை கடப்பதற்குள் இன்னொன்று என்று ரேடியோ சொல்லிக்கொண்டே இருந்தது. வானம் மூடியது மூடியதுதான். ஏரி நிரம்பித் தெருவுக்கு வந்தது. கல் ரோஜா நிறத்திலேயே நின்றது. தினமும் மூடியைத் திறந்து பார்ப்பேன், வெளிச்சம் இருக்கும், சூடு இருக்காது. வெயிலை நம்பிச் செய்த சாமானை வெயில் இல்லாத நாளில் நான் என்ன செய்வேன்? என் வேலையில் பிசகில்லை. ஆனால் அதற்கு மேல் என்னிடம் ஒன்றும் இல்லை.

அவள் மறுபடி பீரோவில் சாய்ந்தாள். மருந்தை அடித்தாலும் கொஞ்ச நேரம்தான். ஒரு மத்தியானம் மாடிப்படிக் கூண்டில் மண்ணெண்ணெய் ஸ்டவ்வைப் பற்றவைத்து, தட்டிலிருந்து கொஞ்சம் கல்லை அள்ளி இரும்பு வாணலியில் போட்டு வறுத்தேன். பட் பட்டென்று வெடித்துத் தெறித்தன. சில நீலமாயின, சில கருகின. புகை சுழன்று குழாய் வாய்க்குள் இறங்குவதை நான் கவனிக்கவில்லை.

டங். டங்.

கரண்டி. எத்தனையோ மழைக்காலமாகக் கேட்காத சத்தம். ஸ்டவ்வை அணைத்துவிட்டு ஓடினேன். அவள் குழாயைத் தட்டிய கையோடு உட்கார்ந்திருந்தாள்.

"போதும்யா" என்றாள். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சு. "வெயில் வரும்போது வரட்டும். நீ வந்து... இங்க குந்து."

உட்கார்ந்தேன். அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். தகரம் மடக்கின கை, முரடான கை. அது ஒன்றுக்கும் உதவாது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மச்சான் தெரிந்தவன் ஒருவனுடைய வேனைக் கொண்டுவந்தான். சக்கரம் பாதி தண்ணீரில் முழுக, பூந்தமல்லி ரோடு ஆஸ்பத்திரிக்குப் போனோம். வேனில் அவள் தலை என் தோளில். கண்ணாடியில் வழிகிற மழையையே பார்த்துக்கொண்டிருந்தவள் கேட்டாள்:

"பொட்டி மூடி... தொறந்தா கீது?"

"எப்பவும் போல. இடுக்கு உட்டுத்தான் கீது."

"இறுக்க மூடிட்டு வந்திருக்கலாம்ல. மழை உள்ள பூந்துடும்."

அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான். ஆஸ்பத்திரியில் முகத்தில் குழாய் மாட்டினார்கள். மறுநாள் பொழுது விடிந்து, நர்ஸ் ஜன்னல் திரையை விலக்கிய நேரத்தில் போய்விட்டாள்.

காரியத்தன்று வெயில் வந்தது. சுள்ளென்று, வெட்கமில்லாமல். சடங்குக்குக் குளித்த ஆண்கள் ஈர வேட்டியோடு மாடியேறினார்கள். நாள் கணக்கில் ஒரு துணியும் காயாத வீடு அது. கொடியில் இடம் போதாமல் கண்ணாடி மேலே கொண்டுபோய் விரித்திருந்தார்கள். நான் மேலே போனபோது என் வெயில் பெட்டியின் மேல் இரண்டு வேட்டியும் ஒரு துண்டும் காய்ந்துகொண்டிருந்தன. அவற்றை இழுத்துக் கீழே போட்டேன். உள்ளே தட்டு அப்படியே இருந்தது. துணி மறைத்த இடத்தில் கல் ரோஜா நிறம். மறைக்காத இடத்தில் நீலம். வேட்டியின் கரை போன கோடு வரைக்கும் தெரிந்தது.

குழாய் வாயில் முகத்தை வைத்தேன்.  கீழே அறையில் உறவுக்காரர்கள் பேசிக்கொண்டிருந்தது மேலே தெளிவாகக் கேட்டது. மச்சான் குரல்: "டாக்டருங்க அப்பவே கைய விரிச்சிட்டாங்கோ. தங்கச்சி இத்தினி வருசம் இருந்துச்சின்னா, அது ஆத்தா போட்ட பிச்சை." "ஆமாமா, ஆத்தா புண்ணியம்" என்றார்கள் பெண்கள். "மருந்தும் நல்லா கேட்டுச்சி அம்மாவுக்கு" என்றான் என் மகன். குழாய் ஒன்றும் மறைக்காது. நான் வைத்த குழாய் அது.

பிறகு மகன் மாடியில் அறை எழுப்பினான். பெட்டியைப் பிரிக்க வேண்டியதாயிற்று. தகரத்தை நானே ரிவிட் ரிவிட்டாகக் கழற்றினேன். கல்லை ஒரு தூக்குச்சட்டியில் போட்டு மூடி வைத்திருக்கிறேன். வென்டிலேட்டரில் குழாய் போன ஓட்டையை மட்டும் அடைக்க விடவில்லை.

வருஷா வருஷம் திதி கொடுக்கிறோம். இலை போட்டு எல்லோரும் உட்கார்ந்ததும் அதே பேச்சு வரும். அம்மனுக்கு ஒரு பங்கு, டாக்டருக்கு ஒரு பங்கு. மச்சானுக்கு வயதாகிவிட்டது, ஆனாலும் கல்லை மறக்காமல் சொல்லிக்கொள்வான். அம்மனோடு எனக்குச் சண்டை இல்லை. பூஜை இல்லாவிட்டால் அந்தக் கல் குப்பைக்குப் போயிருக்கும், ஒப்புக்கொள்கிறேன். மருந்தும் கேட்டிருக்கலாம். கல் மச்சான் கொண்டுவந்த யோசனை, இரண்டு வெப்பமானி வாத்தியார் கொடுத்தது, குப்பைக்குப் போகாமல் தடுத்தது அவள். அவரவர் பங்கை அவரவருக்கு எழுதிவிட்டேன்.

இனி என் பங்கு. அந்தத் தகரத்தை மடக்கியவன் நான். உமியைக் கெட்டித்தவன் நான். கல் ஏன் நீலமாயிற்று என்று மாடியில் உட்கார்ந்து கண்டுபிடித்தவன் நான். தினமும் காலையில் தட்டை ஏற்றிச் சாயங்காலம் இறக்கியவன் நான். அவள் காலை நீட்டிப் படுத்துத் தூங்கிய அந்த மழைக்காலங்களில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. சொந்தக்காரர்களே, அவள் சாவில் என் வீட்டுக்குப் பங்கு இருக்கிறதென்று முதுகுக்குப் பின்னால் பேசுகிறீர்களே, அது என் காதுக்கும் வருகிறது. அப்படியானால் அவள் உயிரோடு இருந்ததிலும் பங்கைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். வருகிற திதிக்கு, இலையில் சோறு விழுவதற்கு முன்னால், அம்மன் பெயரைச் சொன்ன அதே வாயால், என் முகத்தைப் பார்த்து, "அந்தப் பெட்டியைக் கட்டியவர் இவர்" என்று சொல்லுங்கள். சத்தமாகச் சொல்லுங்கள். சொன்ன பிறகுதான் நான் சாப்பிடுவேன்.